சினிமாவில் கேரக்டர் ரோல்: யாரை அணுகணும், என்ன கொடுக்கணும், எப்போ மறுபடி கேட்கணும்?

பொருநைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 26, ஊர் திருநெல்வேலிப் பக்கம். காலேஜ் நாடகம், ரெண்டு குறும்படம், அவ்வளவுதான் கையிருப்பு. ஹீரோ ஆசை இல்லை. வருஷத்துக்கு நாலஞ்சு படத்துல நல்ல கேரக்டர் ரோல் கிடைக்கிற நடிகனா நிக்கணும். ஆறு மாசம் தாங்குற அளவுக்குக் காசு சேர்த்தாச்சு. சென்னையில தெரிஞ்சவங்கன்னு ஒருத்தரும் கிடையாது. முதல்ல யாரைப் பார்க்கணும்? என்ன கொடுக்கணும்? கொடுத்த பிறகு எவ்வளவு நாள் கழிச்சு மறுபடி கேட்டா எரிச்சல் வராது? "விடாமுயற்சி முக்கியம் தம்பி"ன்னு மட்டும் முடிச்சிடாதீங்க.

கிளாப்போர்டு:
டைரக்டர் வீட்டு வாசல்லயும் தயாரிப்பு ஆபீஸ் ரிசப்ஷன்லயும் நிக்கிறதை முதல்ல மறந்துடுங்க. ரெண்டு மூணு சீன் வர்ற ரோலுக்கு ஆள் பிடிக்கிறது பெரும்பாலும் ஏடின்னு சொல்ற அசிஸ்டன்ட் டைரக்டர்கள்தான். பெரிய கம்பெனிகள்ல நடிகர்களைத் தேர்வு பண்ணவே காஸ்டிங் டைரக்டர்னு தனியா ஆள் இருப்பாங்க. அங்கேயும் சின்ன ரோலுக்கு ஏடிங்க காட்டுற முகங்கள் போகும். நடக்கிறது இதுதான்: "வட்டிக்கு விடுறவன், முப்பதுக்குள்ள, தென்மாவட்டப் பேச்சு, பார்க்க முரடனா இருக்கக் கூடாது"ன்னு டைரக்டர் சொல்வார். ஏடி போனை எடுத்து வாட்ஸ்அப் தேடல்ல "நெல்லை", "நடிகர்"னு தட்டுவார். ஏழெட்டுப் பேர் மேலே வருவாங்க. அதுல ரெண்டு மூணு பேருக்கு போன் போகும். அந்தத் தேடல்ல நீங்க வர்றீங்களா இல்லையாங்கிறதுதான் முதல் சுற்று. நடிப்பெல்லாம் அதுக்கு அப்புறம்.

ஆகவே அனுப்புற மெசேஜ்ல தேடினா சிக்குற வார்த்தைகள் இருக்கணும். "ஹாய் சார், சான்ஸ் ப்ளீஸ்"ங்கிறதுல தேட ஒண்ணுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்க:

"வணக்கம் சார். (பேர்), நடிகர். வயது 26, உயரம் 5 அடி 9. சொந்த ஊர் திருநெல்வேலி, நெல்லைத் தமிழ் பேசுவேன். தெலுங்கு புரியும், பேச வராது. பைக், கார், நீச்சல் தெரியும். இந்த மாசம் எடுத்த ஆறு போட்டோவும் 70 செகண்ட் வீடியோவும் கீழே. பதில் போடணும்னு இல்லை சார், தேவைப்படும்போது கூப்பிடுங்க."

வட்டாரப் பேச்சு, உயரம், தெரிஞ்ச வேலை, எல்லாம் ஒரே மெசேஜ்ல. பேரும் நம்பரும் போட்டோ மேலேயே ஒரு ஓரமா எழுதியிருக்கட்டும். ஏன்னா அந்தப் போட்டோ ஏடி போன்லேர்ந்து கோ டைரக்டருக்கும், அங்கிருந்து டைரக்டருக்கும் ஃபார்வர்ட் ஆகும்போது உங்க மெசேஜ் கூடப் போகாது. முகம் பிடிச்சுப் போய், யாரோட நம்பர்னு தெரியாம விட்டுப்போற கதை நிறைய.

ஏடிங்க பேர் எங்கே கிடைக்கும்னு கேட்பீங்க. ஓடிடியில கடந்த மூணு வருஷத்துல வந்த படங்களோட எண்ட் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. கோ டைரக்டர், அசோசியேட், அசிஸ்டன்ட்னு வரிசையா பேர் இருக்கும். பாதிப் பேர் இன்ஸ்டாகிராம்ல கிடைப்பாங்க. உங்க முகத்துக்கும் பேச்சுக்கும் ஒத்துவர்ற மாதிரி படம் எடுக்கிற டீமை மட்டும் குறிச்சுக்கோங்க. இருபது பேர் போதும். இருநூறு பேருக்கு அள்ளி வீசுனா யார்கிட்ட என்ன சொன்னோம்னே ஞாபகம் இருக்காது. இன்னைக்கு அசிஸ்டன்ட்டா இருக்கிறவர் நாளைக்குத் தனியா படம் பண்ணும்போது புது ஆட்களைத்தான் தேடுவார், அந்தக் கணக்கும் இதுல இருக்கு.

பொருநைக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. எப்போ அனுப்பணும்னு ஏதாவது கணக்கு இருக்கா? படம் அறிவிச்ச உடனேயா?

கிளாப்போர்டு:
அறிவிப்பு வர்றப்போ லீட் ரோல் எல்லாம் முடிவாகியிருக்கும். கதை டிஸ்கஷன் நடக்கிற காலத்துல சின்ன கேரக்டர்கள் இன்னும் பேப்பர்லயே மாறிட்டு இருக்கும், அப்போ அனுப்புனா ஃபைல் அடியில போயிடும். ஆபீஸ் போட்டு, லொகேஷன் பார்த்து முடிச்சு, ஷூட்டிங் ஷெட்யூலுக்கு மூணு நாலு வாரம் இருக்கும்போதுதான் சின்ன ரோல்களுக்கு நிஜமா ஆள் தேடுவாங்க. அந்த டீம்ல லொகேஷன் வேலை நடக்குதுன்னு காதுல விழுந்தா அதுதான் நேரம்.

இன்னொரு ஜன்னல் இருக்கு, யாரும் இதைச் சொல்றதில்லை. ஷூட்டிங் நடுவுல ஒரு நடிகர் கால்ஷீட் இடிச்சு வர முடியாமப் போகும். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு "நாளைக்குக் காலையில காரைக்குடியில இருக்க முடியுமா?"ன்னு போன் வரும். அந்த போனுக்கு "எவ்வளவு சார் தருவீங்க?"ங்கிறது முதல் பதிலா இருக்கக் கூடாது. "வர்றேன் சார், கெட்டப் என்ன?"ன்னு கேட்டுட்டு அப்புறம் சம்பளம் பேசுங்க. அப்படி வந்து நிக்கிறவரை அந்த ஏடி ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

நைட்_எஃபெக்ட்:
போட்டோ, வீடியோ பத்தி நான் சொல்றேன், இதுலதான் காசை வீணாக்குறாங்க. முப்பதாயிரம் ரூபா போர்ட்ஃபோலியோவுல கோட்டு, கூலிங் கிளாஸ், புகை, பின்னாடி பைக். அதைப் பார்த்து ஒரு ஏடியால எதையும் முடிவு பண்ண முடியாது. தேவையானது ஆறு படம்: நேர் முகம் க்ளோஸ், இடது பக்கம், வலது பக்கம், இடுப்பு வரைக்கும் ஒண்ணு, கால் வரைக்கும் முழு உருவம் ஒண்ணு, சிரிக்கிற மாதிரி ஒண்ணு. ஃபில்டர் வேண்டாம், ஸ்கின் ஸ்மூத்திங் வேண்டவே வேண்டாம். வெளிர் நிறச் சுவர், ஒரே நிறச் சட்டை. காலை எட்டு ஒன்பது மணிக்கு நிழல்ல நின்னு போன்ல எடுத்தாலே போதும். முகத்துலேர்ந்து ஒரு மீட்டருக்குள்ள போனைக் கொண்டு போகாதீங்க, மூக்கு பெருசாத் தெரியும்; ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு 2எக்ஸ் லென்ஸ்ல எடுங்க. தாடியோட ஒரு செட், எடுத்துட்டு ஒரு செட். மூணு நாலு மாசத்துக்கு ஒருதடவை புதுசா எடுக்கணும். போட்டோவுல முழுத் தாடி, நேர்ல மழுமழுன்னு போய் நின்னா கெட்டப் போட்டுப் பார்க்கிற லுக் டெஸ்ட்லேயே திருப்பி அனுப்பிடுவாங்க.

வீடியோ: போனைப் படுக்க வெச்சு எடுங்க. 1080பி, 25 ஃப்ரேம். ட்ரைபாட் இல்லைன்னா புத்தகம் அடுக்கி கண் மட்டத்துக்கு ஏத்துங்க. ஜன்னல் முகத்துக்கு எதிர்ல இருக்கணும், முதுகுக்குப் பின்னாடி இல்லை. மின்விசிறியை நிறுத்துங்க, ஃப்ரிட்ஜ் இருக்கிற ரூம் வேண்டாம். நெஞ்சு வரைக்கும் ஃப்ரேம், தலைக்கு மேல ரெண்டு விரல் இடம். முதல் பத்து செகண்ட்ல பேர், வயசு, உயரம், ஊர், பேசுற மொழி. அப்படியே இடமும் வலமும் திரும்பிக் காட்டணும். அதுக்கப்புறம் ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணும் முப்பது செகண்ட்: ஒண்ணு உங்க ஊர்ப் பேச்சுல சாதாரணமா பேசுறது, இன்னொண்ணு கோபமோ பயமோ உள்ளே அடக்கி வெச்சுப் பேசுறது. கத்துற சீன் போடாதீங்க. பத்துல ஒன்பது பேர் போலீஸ் ஸ்டேஷன்ல கத்துற சீன்தான் அனுப்புறாங்க. பிரபலமான படத்து வசனத்தையும் எடுக்காதீங்க. பார்க்கிறவர் மனசுல ஒரிஜினல் நடிகர் ஓடிட்டிருப்பார், நீங்க தெரிய மாட்டீங்க. கேமராவைப் பார்த்துப் பேசாம, லென்ஸுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளியைப் பார்த்துப் பேசுங்க. எதிர்ல இருக்கிறவரோட வசனத்தை யாராவது கேமராவுக்குப் பின்னாடி நின்னு மெதுவாப் படிக்கட்டும். நீங்க கேட்கிற முகம்தான் நடிப்பைக் காட்டும், பேசுற முகம் அப்புறம்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்புங்க. வீடியோவாவே அனுப்புனா நசுக்கிடும், முகம் கட்டம் கட்டமாத் தெரியும். ஃபைல் பேர் "விஐடி_0043"ன்னு இருந்தா யாருக்குத் தெரியும்? பேர், வயசு, ஊர், மாசம் போட்டு சேமிச்சு அனுப்புங்க.

வளசை_வாசி:
இவ்வளவு சிக்கல் எதுக்கு? கூட்டத்துல நிக்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டா சேர்ந்துட்டா தினமும் செட்டுக்குள்ள இருக்கலாம். கேமரா பழகும், டைரக்டர் கண்ணுல படலாம். விஜய் சேதுபதி அப்படித்தானே வந்தார்?

மேடைத்தமிழ்:
வாசி சார், அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாப் போட்டுப் பாருங்க. அவர் கூத்துப்பட்டறைங்கிற நாடகக் குழுவுல கணக்கு வேலைக்குச் சேர்ந்து, அங்கே நடிகர்களைப் பக்கத்துலேர்ந்து பார்த்தவர். 2004லேர்ந்து 2010 வரைக்கும் படங்கள்ல சின்னச் சின்னதா வந்தார், டிவி சீரியல் பண்ணினார், குறும்படங்கள் பண்ணினார். முதல் கதாநாயகன் வேஷம் 2010 கடைசியில, சீனு ராமசாமி படத்துல. குறும்படத்துல கூட வேலை பார்த்த கார்த்திக் சுப்பராஜ் 2012ல முதல் படம் எடுத்தப்போ ஹீரோவா இவரைப் போட்டார். கூட்டத்துல நின்னது அனுபவம், சரி. அவரை மேலே தூக்கினது சம வயசுக்காரங்களோட பண்ணின குறும்பட வேலை. கலைஞர் டிவியில வந்த நாளைய இயக்குநர் நிகழ்ச்சியிலேர்ந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன்னு அடுத்தடுத்து டைரக்டர் ஆனாங்க. அந்தக் குறும்படங்கள்ல நடிச்ச பலரும் கூடவே பெரிய திரைக்கு வந்தாங்க. மேலே இருக்கிறவங்களைப் பார்த்தே கழுத்து வலிக்க வேண்டாம், பக்கத்துல நிக்கிறவனைப் பாருங்க.

கிளாப்போர்டு:
ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் வேலை மரியாதையான வேலை, அதுல சந்தேகமே இல்லை. ஆனா அது தனித் தடம். ஏஜென்ட் மூலமா ஆள் வருவாங்க, அவங்களுக்குன்னு சங்கம் இருக்கு. அந்தப் பட்டியல்ல ஒரு முகம் பதிஞ்சிட்டா, அதே டீம் அதே முகத்தை வசனம் பேச வைக்கத் தயங்கும். போன ஷெட்யூல்ல பஸ் ஸ்டாண்டுல நின்னவர் இந்த ஷெட்யூல்ல தாசில்தாரா வந்தா எடிட்டிங்ல இடிக்கும். செட்டு எப்படி நடக்குதுன்னு பார்க்கணும்னா ஒரு வாரம் பத்து நாள் போங்க, முன்வரிசையில நிக்காதீங்க. வருஷக் கணக்குல வேண்டாம்.

மேடைத்தமிழ்:
பயிற்சி பத்தி. ஆறு மாசக் காசுல லட்ச ரூபா "ஆக்டிங் கோர்ஸ்"ல கொட்டாதீங்க. சான்ஸ் வாங்கித் தர்றோம்னு சொல்ற பள்ளிக்கூடம் எதுவா இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீங்க. பயிற்சி தர்றதுதான் அவங்க வேலை. சான்ஸ் அவங்க கையில இல்லை. சென்னையில 1977ல ந. முத்துசாமி தொடங்கின கூத்துப்பட்டறையிலேர்ந்துதான் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த்னு அத்தனை பேர் வந்தாங்க. தியேட்டர் நிஷா, மேஜிக் லேன்டர்ன், பெர்ச்னு குழுக்கள் இருக்கு. ஆரோவில் பக்கம் ஆதிசக்திங்கிற நாடகக் குழுவுல பத்து நாள் தங்கிப் பண்ற பட்டறை உடம்பு, மூச்சு, குரல் மூணுக்கும் நல்லது.

நாடகத்தோட இன்னொரு பலன் யாருக்கும் தெரியாம நடக்கும். எழும்பூர் மியூசியம் தியேட்டர், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், பெசன்ட் நகர் ஸ்பேசஸ் மாதிரி இடங்கள்ல நாடகம் போட்டா, பார்வையாளர்ல ஏடிங்களும் காஸ்டிங் ஆட்களும் உட்கார்ந்திருப்பாங்க. அங்கே போய் "சான்ஸ்"னு ஆரம்பிக்காதீங்க. நாடகம் முடிஞ்சு நாற்காலி மடக்க உதவுங்க, செட்டு இறக்குங்க, லைட் ஆளோட டீ குடிங்க. மேடைக்குப் பின்னாடி வேலை செய்யுற ஆளா தெரிஞ்சவரை நாளைக்கு நடிகரா சிபாரிசு பண்ண யாருக்கும் கூச்சம் இருக்காது.

ஒண்ணு மட்டும் கவனம். மேடைக் குரலை அப்படியே கேமராவுக்குக் கொண்டு போனா ஓவரா தெரியும். க்ளோஸுக்குப் போடுற 85 எம்எம் லென்ஸ்ல முகம் திரை முழுக்க இருக்கும், புருவம் ஒரு நூல் ஏறினாலே போதும். கண்ணை அடிக்கடி சிமிட்டுறது க்ளோஸ்ல ரொம்ப உறுத்தும், அதை வீட்டுலயே போன் கேமராவுல பார்த்துப் பார்த்துக் குறைக்கலாம்.

ஒலிக்கூடம்:
டப்பிங்கைப் பத்தி யாரும் பேசலையே. பகல்ல ஆடிஷனுக்கு ஓட நேரம் விட்டு, வயித்துக்கும் சோறு போடுற வேலை அது. விக்ரம் 1990ல கதாநாயகனா வந்தவர். 1999 டிசம்பர்ல சேது வர்ற வரைக்கும் நடுவுல அமராவதியில அஜித்துக்கும் காதலன்ல பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தார். அடுத்தவருக்குத் தொடர்ந்து குரல் கொடுக்கணும்னா டப்பிங் யூனியன் கார்டு வேணும். கட்டணமும் குரல் தேர்வும் எப்படின்னு யூனியன் ஆபீஸ்ல நேர்ல கேட்டு, ரசீதோட மட்டும் கட்டுங்க. "கார்டு வாங்கித் தர்றேன்"ங்கிற தரகர் வேண்டாம்.

உங்க ரோலுக்கு நீங்களே டப் பண்ணும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். தமிழ்ல இன்னும் பல படம் ஷூட்டிங்ல எடுத்த குரலை வழிகாட்டியா மட்டும் வெச்சு, அப்புறம் டப்பிங் தியேட்டர்ல டப் பண்றாங்க. முதல்ல டப் பண்ண வேண்டிய சீன் துண்டை ரெண்டு தடவை சும்மா பாருங்க. ப, ம வர்ற இடத்துல உதடு எங்கே மூடுது, வ வர்ற இடத்துல எங்கே பல்லைத் தொடுதுன்னு பேப்பர்ல கோடு போட்டுக்கோங்க. அந்த மூணும் சரியா உட்கார்ந்தா மத்தது தானா உட்காரும். வசனத்துக்கு முன்னாடி ஸ்கிரீன்ல மூச்சு இழுத்திருந்தா அந்த மூச்சும் வேணும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், சத்தமா பேசுற இடத்துல ரெண்டு சாண். நைலான் சட்டை, மெட்டல் வாட்ச், சாவிக்கொத்து எல்லாம் வெளியே. காலையில தயிர், ஐஸ் வேண்டாம். நெல்லைப் பேச்சுக்காரங்க பண்ற பொதுத் தப்பு: ஷூட்டிங்ல இயல்பா வந்த இழுவையை டப்பிங்ல சென்னைக்குத் தகுந்த மாதிரி தேய்ச்சிடுறது. உங்களைக் கூப்பிட்டதே அந்த இழுவைக்காக.

தாரா:
பொருநைக்காரன் ஆண், அதனால யாரும் இதைத் தொடலை. ஆனா இந்த இழையை நிறைய பெண்கள் படிப்பாங்க, சொல்லிடறேன். ஆடிஷன் பகல்ல, ஆபீஸ்ல, இன்னும் ரெண்டு பேர் இருக்கிற இடத்துலதான். ஹோட்டல் ரூம், "சார் கெஸ்ட் ஹவுஸ்ல இருக்கார்", ராத்திரி வீடியோ கால், எதுவா இருந்தாலும் மறுங்க; நிஜமான ரோல் அதனால கைவிட்டுப் போகாது. உடை அளவு கேட்டா காஸ்ட்யூமருக்கு எழுத்துல அனுப்பலாம், போட்டோ எடுத்து அனுப்பத் தேவையில்லை. கூட யாராவது வரலாமான்னு கேட்டுப் பாருங்க. அதுக்குக் கிடைக்கிற பதில்லேயே பாதி தெரிஞ்சிடும். பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல பாலியல் புகாருக்கு உள் குழு இருக்கணும்னு 2013 சட்டம் சொல்லுது, படத் தயாரிப்பு கம்பெனியும் அதுக்குள்ள வரும். கேரளாவுல சினிமாப் பெண்கள் நிலைமை பத்தி ஹேமா கமிட்டி அறிக்கை வந்த பிறகு, 2024 செப்டம்பர்ல நம்ம தென்னிந்திய நடிகர் சங்கமும் புகார் நிரூபணமானா அஞ்சு வருஷத் தடைன்னு தீர்மானம் போட்டுச்சு. மெசேஜ், அழைப்பு விவரம் எதையும் அழிக்காம வெச்சிருங்க.

பண மோசடி ஆண், பெண் எல்லாருக்கும் பொது. "ஆடிஷன் ரெஜிஸ்ட்ரேஷன் ஆயிரம் ரூபா", "காஸ்ட்யூம் டெபாசிட்", "ஆர்ட்டிஸ்ட் கார்டு கட்டணம்". ரோல் தர்றவன் உங்களுக்குத்தான் காசு தரணும். பெரிய கம்பெனி லோகோ போட்ட லெட்டர் வந்தா, அந்த கம்பெனியோட அதிகாரப்பூர்வ பக்கத்துல காஸ்டிங் அறிவிப்பு இருக்கான்னு பாருங்க. பெயரைத் திருடி ஏமாத்துறாங்கன்னு கம்பெனிகளே அடிக்கடி எச்சரிக்கை போடுறாங்க. ஏமாந்துட்டா வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காம உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள முடக்க வாய்ப்பு இருக்கு, நேரம்தான் முக்கியம்.

கணக்குப்பிள்ளை:
தாரா சொன்னதோட பணக் கணக்கையும் சேர்த்துக்கோங்க. சம்பளம் பேசும்போது நாலு விஷயத்தை வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்குங்க: மொத்தம் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு அல்லது மொத்தம் எவ்வளவு, பேட்டாவும் (தினப்படி) பயணமும் தங்குமிடமும் யார் செலவு, பாக்கி எப்போ. தயாரிப்பு மேனேஜர்கிட்ட பேசிட்டு "சார், இப்போ பேசினபடி..."ன்னு நீங்களே டைப் பண்ணி அனுப்பி, "ஓகே"ன்னு ஒரு பதில் வந்தா போதும். சண்டைக்கு இல்லை, மறதிக்கு. பாக்கியை டப்பிங்குக்கு முன்னாடி முடிச்சுத் தரச் சொல்லிக் கேட்கிறது பழைய வழக்கம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. டப்பிங் முடிஞ்ச பிறகு உங்க கையில பிடி எதுவும் இல்லை. முதல் படத்துலேயே முறைச்சுக்கிட்டு நிக்கவும் வேண்டாம். மரியாதையா ரெண்டு நாள் முன்னாடியே மேனேஜருக்கு ஞாபகப்படுத்துங்க.

பான் கார்டும் ஆதாரோட இணைச்சிருக்கிற பேங்க் கணக்கும் கையில இருக்கட்டும். ஒரே கம்பெனி ஒரு நிதியாண்டுல ரூ.50,000க்கு மேல கொடுத்தா 10% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி, பிடிக்கணும். 2025 ஏப்ரலுக்கு முன்னாடி இந்த வரம்பு ரூ.30,000. பான் இல்லைன்னா 20%. பல கம்பெனி வரம்புக்குள்ள இருந்தாலும் பிடிச்சிடும். போச்சுன்னு விடாதீங்க: வருமான வரித் தளத்துல உங்க வரிப் பிடித்த விவரத்துல அது ஏறியிருக்கான்னு பார்த்து, ரிட்டர்ன் போட்டா திரும்ப வரும். உங்க வருமானத்துக்கு வரியே இருக்காது, பிடிச்சது முழுசா உங்க காசு.

வளசை_வாசி:
சீரியல் பத்தி என்ன சொல்றீங்க? மாசா மாசம் சம்பளம் வருமே.

கிளாப்போர்டு:
வருமானத்துக்கு நல்லது, ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, பெரும்பாலும் உடையை நீங்களேதான் கொண்டு போகணும், சம்பளம் கைக்கு வர ரெண்டு மூணு மாசம் ஆகும். ஆறு மாசக் காசுல அதையும் கணக்குப் பண்ணுங்க. இன்னொண்ணு, மாசத்துல எந்தெந்தத் தேதின்னு கடைசி நேரம் வரைக்கும் தெரியாது. படத்துக்குக் கொடுத்த தேதியில சீரியலும் கூப்பிட்டா யாரையாவது பகைச்சுக்கணும். தினசரி வர்ற ரோலா இல்லாம, ஒரு மாசத்துல செத்துப்போற மாமா கேரக்டர் கிடைச்சா சந்தோஷமா பண்ணுங்க. அங்கே ஒரே நாள்ல ஏழெட்டு சீன் எடுப்பாங்க. பக்கத்துலேர்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிற ப்ராம்ப்ட்டிங்கைக் காதுல வாங்கிக்கிட்டே முகத்துல அது தெரியாம பேசுற வித்தை வேற எங்கேயும் இவ்வளவு சீக்கிரம் கைவராது.

நைட்_எஃபெக்ட்:
ரோல் கிடைச்ச பிறகு செட்டுல கெடுத்துக்கிறதும் அதிகம், அதையும் சொல்லிடலாம். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் தோற்றம் மாறாம ஒத்துப்போற கன்டின்யூட்டிதான் முதல் எதிரி. மூணு நாள் ரோல்னா மூணு நாளும் அடுத்தடுத்து வராது; முதல் நாள் இன்னைக்கு, மூணாவது நாள் ஒன்றரை மாசம் கழிச்சு. நடுவுல முடி வெட்டினா தீர்ந்தது. மேனேஜரோ ஏடியோ "உங்க போர்ஷன் முடிஞ்சிருச்சு"ன்னு சொல்ற வரைக்கும் தாடியையும் முடியையும் தொடாதீங்க. சட்டைக் கை எத்தனை மடிப்பு, மேல் பட்டன் போட்டதா இல்லையா, வாட்ச் எந்தக் கை, நெத்தியில விபூதி எந்த அளவு. ஏடி போட்டோ எடுப்பார், நீங்களும் மனசுல குறிச்சுக்கோங்க. டீ டம்ளரை எந்த வார்த்தையில தூக்கினோமோ அதே வார்த்தையில அடுத்த ஆங்கிள்லயும் தூக்கணும். அதைச் சரியாப் பண்ற நடிகரை எடிட்டர் கவனிப்பார், டைரக்டர்கிட்ட சொல்லவும் செய்வார்.

கெட்டப்போட செல்ஃபி எடுத்து ஸ்டோரி போடாதீங்க. ஹீரோவோட லுக் பின்னாடி மங்கலாத் தெரிஞ்சாக்கூட விவகாரம் ஆகிடும், உங்களைக் கூட்டிட்டு வந்த ஏடிக்குத்தான் முதல் திட்டு. அவர் அதுக்கப்புறம் யாரையுமே சிபாரிசு பண்ண மாட்டார். வசனத்துல சந்தேகம் இருந்தாலும் டைரக்டர்கிட்ட நேராப் போகாம பேப்பர் வெச்சிருக்கிற ஏடிகிட்டயே கேளுங்க. தெரியாத வேலையைத் தெரியும்னு சொல்லவே கூடாது. நீச்சல் தெரியும்னு சொல்லிட்டு ஆத்துல இறங்க மாட்டேன்னு நின்னா அன்னைக்கு ஷூட்டிங்கே நிக்கும்.

பொருநைக்காரன்:
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை. ரெண்டு சந்தேகம் பாக்கி. மறுபடி எப்போ மெசேஜ் போடுறது? அப்புறம், உடனே சென்னைக்கு ரூம் எடுத்து வந்துடணுமா?

கிளாப்போர்டு:
ஆறு வாரத்துலேர்ந்து எட்டு வாரத்துக்கு ஒருதடவை. அதுவும் புதுசா காட்ட ஏதாவது இருந்தா மட்டும்: மாத்தின கெட்டப், புதுக் குறும்படத்துலேர்ந்து 40 செகண்ட், நாடகத் தேதி. "ஞாபகம் இருக்கா சார்"ங்கிறது புதுச் செய்தி இல்லை. குட் மார்னிங், பொங்கல் வாழ்த்து ஃபார்வர்ட், சாமி படம் எல்லாம் அனுப்புற நம்பரை மியூட் பண்ணிடுவாங்க. அப்புறம் நிஜமான மெசேஜும் கண்ணுல படாது. போன் வேண்டாம், ஷூட்டிங் நேரத்துல போன் எடுத்தா ஏடிக்குத் திட்டு விழும். அவர் வேலை பார்த்த படம் வெளியானா பார்த்துட்டு, அதுல அவர் கை இருக்கிற ஏதாவது ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு ரெண்டு வரி எழுதுங்க. கூடவே சான்ஸ் கேட்காதீங்க. ஒரு தாள்ல யாருக்கு, எந்தத் தேதி, என்ன அனுப்பினோம், என்ன பதில்னு எழுதி வெச்சுக்கோங்க. மூணு தடவை ப்ளூ டிக் மட்டும் வந்தா ஒரு வருஷம் விட்டுடுங்க, கோவிச்சுக்க ஒண்ணும் இல்லை. ரோலுக்குப் பார்த்துட்டு வேற ஆளைப் போட்டுட்டாங்கன்னா "பரவாயில்லை சார், அடுத்ததுல பார்க்கலாம்"னு ஒரு வரி போட்டு நிறுத்துங்க. அந்த ரெண்டாவது ஆள் பட்டியல்லேர்ந்துதான் ராத்திரி ஒன்பது மணி போன் வரும்.

குறும்படத்துல நடிக்கிறப்போவும் ஒரு ஒப்பந்தம் பேசுங்க: காசு இல்லைன்னாலும் பரவாயில்லை, ரெண்டு மாசத்துக்குள்ள உங்க க்ளோஸ் ஷாட்கள் மட்டும் கலர் பண்ணாமலாவது கையில வரணும். படம் எடிட்டிங்லேயே கிடக்கும், நடிச்சதைத் தொகுத்துக் காட்டுற உங்க ரீலுக்கு ஒண்ணும் கிடைக்காது, இது ரொம்ப சகஜம். ஒலி மோசமா இருக்கிற குறும்படம் பத்து இருக்கிறதை விட நல்ல ஒலியோட ஒண்ணு மேல்.

மேடைத்தமிழ்:
சென்னைக்கு வர்ற விஷயத்துல என் அபிப்பிராயம், உடனே வேண்டாம். ஆறு மாசக் காசையும் சாலிகிராமம் வாடகையில கரைக்க வேண்டாம். முதல் ரெண்டு மாசம் ஊர்லேயே இருங்க. போட்டோ, வீடியோ, இருபது பேர் பட்டியல் எல்லாத்தையும் அங்கேயே முடிக்கலாம், ஏடிங்க முதல்ல பார்க்கிறது போன்லதான். தென்மாவட்டத்துல நடக்கிற ஷூட்டிங் கொஞ்சமா? தென்காசி, அம்பாசமுத்திரம், கோவில்பட்டி, தேனி. மாரி செல்வராஜ் படங்கள்ல உள்ளூர் முகங்கள் எவ்வளவு பேர்னு பார்த்திருப்பீங்க. அங்கே வர்ற டீமுக்கு வீடு, வயல், பஸ், ஆடு மாடுன்னு ஏற்பாடு பண்ற உள்ளூர் ஆள் ஒருத்தர் இருப்பார். அவரைப் பிடிச்சா டீம் ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தகவல் தெரியும். தங்குமிடம் தேவைப்படாத, அதே பேச்சு பேசுற நடிகர் பக்கத்து ஊர்லேயே இருக்கார்னா மேனேஜருக்கும் லாபம். அப்படி ஒரு படத்துல தலை காட்டிட்டு, அந்த டீமைத் தெரிஞ்சுக்கிட்டு சென்னைக்கு வந்தா வாசல்ல நிக்க வேண்டாம்.

வளசை_வாசி:
ரூம் எடுக்கிறப்போ வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் ஷேரிங்கா பாருங்க, மெட்ரோவுக்குக் கிட்ட. தனி ரூம் தேவையில்லை, ஆனா கூட இருக்கிறவங்க ராத்திரி வீடியோ எடுக்கிறப்போ அமைதியா இருக்கிறவங்களா இருக்கட்டும். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் விஷயத்துல மட்டும் நான் இன்னும் முழுசா ஒத்துக்கலை, வசனமே வேண்டாத ஆட்களுக்கு அது நிலையான சோறு.

நைட்_எஃபெக்ட்:
விட்டுப்போன ஒண்ணு. கூகுள் டிரைவ் லிங்க் அனுப்புறதா இருந்தா "லிங்க் இருக்கிற யார் வேணும்னாலும் பார்க்கலாம்"னு அனுமதி மாத்திட்டு, வேற போன்ல, உங்க ஐடி லாகின் இல்லாம திறந்து பார்த்துட்டு அனுப்புங்க. அனுமதி கேட்டு வர்ற மெயிலை நீங்க மறுநாள் பார்க்கிறதுக்குள்ள அந்த ரோலுக்கு ஆள் போட்டிருப்பாங்க.